அரக்குப் பாவில் ஒரு கருந்துளை

செய்தி வந்தது காலை பதினொன்றே முக்கால் மணிக்கு. ஏனாத்தூர்க் கல்லூரி அலுவலகத்தில் ஹால் டிக்கெட்டுகளை வரிசைப்படுத்திக்கொண்டிருந்தேன். என் கணவர் மாணிக்கவாசகம் பாடம் நடத்திய டியூஷன் சென்டரின் முதலாளி ராமராஜன் போன் செய்தார். நேராக விஷயத்துக்கு வருவது அவருக்கு மரியாதைக் குறைவு. முதலில் நான் சாப்பிட்டேனா என்று விசாரித்தார். பிறகு, சார் போர்டுப் பக்கத்தில் கொஞ்சம் சாய்ந்துவிட்டார் என்றார். பிறகு, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறோம் என்றார். பிறகு, டாக்டர் வந்து பார்த்தார் என்றார். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நடுவில் இடைவெளி நீண்டுகொண்டே போனது. கடைசி வாக்கியம் வரவே இல்லை. அதை நானே சொல்லிக்கொண்டேன்.

அன்று அவர் நடத்தியது குவிலென்ஸ் கணக்கு. கருந்துளை நடத்தும்போது விழுந்திருந்தால் அவருக்கும் திருப்தியாக இருந்திருக்கும், சென்டருக்கும் விளம்பரமாகியிருக்கும். ஆனால் கருந்துளை நுழைவுத் தேர்வுப் பாடத்தில் இல்லை. தேர்வில் வராத பொருளுக்கு இந்த அண்டத்தில் இருக்க உரிமை இல்லை என்பது ராமராஜனின் கொள்கை.

அதற்குப் பரிகாரமாகத்தானோ என்னவோ, தெருமுனையில் கட்டிய கண்ணீர் அஞ்சலி பேனரில் இவர் தலைக்குப் பின்னால் கருந்துளையின் புகைப்படத்தைப் போட்டிருந்தார். ஆரஞ்சு வளையம், நடுவில் இவருடைய முகம். பார்த்தவர்களில் பாதிப் பேர் கும்பிட்டுவிட்டுப் போனார்கள். பதினாறாம் நாள் காரியம் முடிவதற்குள் வெயிலில் பேனரின் சிவப்பெல்லாம் வெளுத்து, மனிதர் நீலமாகிவிட்டார். இவர் இருந்திருந்தால் அந்தத் தெருமுனையிலேயே நின்று, நீலம்தான் சிவப்பாக வேண்டும், மாற்றம் தலைகீழாக நடந்திருக்கிறது என்று போகிற வருகிறவர்களுக்கெல்லாம் விளக்கியிருப்பார். கேட்டவர்கள் பால் வாங்க வேறு தெரு வழியாகப் போயிருப்பார்கள்.

துக்கம் விசாரிக்க வந்தவர்கள் எல்லோரும் அவரை அமைதியானவர் என்றார்கள். அவர்களில் யாருமே அவருக்குப் பக்கத்தில் அதிக நேரம் உட்கார்ந்ததில்லை என்பது அதிலிருந்தே தெரிந்தது. அதனால் அவரைப் பற்றி நானே எழுதிவிடுகிறேன்.

பிறந்தது பிள்ளையார்பாளையத்தில், சாயம் போடும் வீட்டில். பட்டுக்குச் சாயம் ஏற்றுகிறவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. நூல் கழியை, அதாவது நூல் கற்றையை, அண்டாவிலிருந்து எடுத்ததும், மாதிரி நூலோடு சேர்த்து வாசலுக்குக் கொண்டுவந்து பகல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார்கள். உள்ளே டியூப்லைட்டில் ஒன்றாகத் தெரிவது வாசலில் வேறாகத் தெரியும். இவர் சின்ன வயதில் உள்ளே நின்றே சரி என்று சொல்லிவிடுவார். வாசலில் நிற்கும் அப்பா, தப்பு என்று முதுகில் ஒன்று வைப்பார். நூல் ஒன்றுதான், நிற்கிற இடம்தான் வேறு, இதில் என் முதுகு எங்கிருந்து வந்தது என்று இவருக்கு அப்போதே ஒரு சந்தேகம்.

எம்.எஸ்சி. படிக்கும்போது செம்பெயர்ச்சி என்று ஒரு பாடம் வந்தது. கனமான பொருளுக்குப் பக்கத்திலிருந்து கிளம்பும் ஒளி, அதன் இழுப்பை மீறி வெளியே ஏறி வருவதற்குள் சக்தியை இழக்கிறது. அலை நீண்டுவிடுகிறது. நீலமாகக் கிளம்பியது தூரத்தில் நிற்பவனுக்குப் பச்சையாகவோ மஞ்சளாகவோ சிவப்பாகவோ வந்து சேர்கிறது. கருந்துளைக்குள் விழும் பொருளிலிருந்து வருகிற ஒளி இந்தப் படிகள் எல்லாவற்றையும் இறங்கிக் கடைசியில் கண்ணுக்கே தெரியாமல் போகிறது. நிற்கிற இடத்தைப் பொறுத்து நிறம் மாறும் என்று பிரபஞ்சமே எழுதிக் கொடுத்துவிட்டதாக இவர் எடுத்துக்கொண்டார். அப்பாவிடம் காட்டலாம் என்று ஊருக்கு வந்தார். அப்பா அதற்குள் சாயப் பட்டறையை மூடி, அரிசி மில்லில் கணக்கு எழுத வாலாஜாபாத்துக்குப் போய்விட்டிருந்தார். யார் நிறம் சரி என்ற அக்கறையே அவருக்குத் தீர்ந்துபோயிருந்தது. கேட்க ஆளில்லாத நியாயத்தை வைத்துக்கொண்டு இவர் டியூஷன் சென்டரில் சேர்ந்தார்.

கருந்துளையின் முதல் புகைப்படம் எல்லாப் பேப்பரிலும் வந்த வருஷம்தான் எங்களுக்கு நிச்சயதார்த்தம் ஆனது. ஊரே அதை மெதுவடை என்றது. இவருக்கு வடையில் ஆட்சேபணை இல்லை, நிறத்தில்தான் கோபம். அது ரேடியோ அலையில் எடுத்தது, கண்ணுக்கு நிறமே கிடையாது, யாரோ உட்கார்ந்து ஆரஞ்சு பூசியிருக்கிறான் என்றார். நிச்சயம் ஆன பிறகு அவர் எனக்குச் செய்த முதல் போனில் பேசியது இதைத்தான். நான் என்ன படித்தேன் என்று கேட்டது மூன்றாவது போனில்.

நான்காவது போனில் புடவை விஷயம் வந்தது. எங்கள் பக்கத்தில் முகூர்த்தப் புடவை மாப்பிள்ளை வீட்டார் எடுப்பது. மற்ற மாப்பிள்ளைகள் மயிலா மாங்காயா என்று கேட்பார்கள். இவர், விழும் பொருளின் ஒளி நிறம் மாறுவதைப் பட்டில் சரியாக, முழுசாக, ஒரு தடவை பார்த்துவிட வேண்டும் என்றார். அதுவும் நான் பார்க்க வேண்டுமாம். வகுப்பில் சொன்னால் கொட்டாவி விடுகிறார்கள், வீட்டில் சொன்னால் எழுந்து போகிறார்கள், நீங்கள் ஒருவராவது பார்த்தால் போதும் என்றார். பெண்ணிடம் இப்படி ஒருவன் கெஞ்சியது இந்தக் காரணத்துக்காகத்தான் என்றால் எங்கள் வீட்டில் யாரும் நம்பியிருக்க மாட்டார்கள். நான் யாரிடமும் சொல்லவில்லை.

நெய்தவர் அவருடைய தாய்மாமன் பரசுராமன். அவர் வீட்டில் இரண்டு தறி. இவர் சொன்ன திட்டம் இது: கையில் நீல விளக்கோடு ஒருவன் கருந்துளைக்குள் விழுகிறான், ஆகவே முந்தியில் நீலம், நெடுந்தூரம் நீலம், பிறகு விறுவிறுவென்று பச்சை, மஞ்சள், சிவப்பு, கடைசி முனை கறுப்பு. இடுப்பில் சொருகும் முனைதான் கறுப்பு என்பதால் யார் கண்ணிலும் படாது. கருந்துளையின் எல்லைக்கு அந்தப் பக்கம் இருப்பது வெளியே தெரியாது, அதனால் புடவையில் அதற்கு இதைவிடப் பொருத்தமான இடம் கிடையாது. இதில் மட்டும் மனிதர் கெட்டிக்காரர் என்று இப்போதும் ஒப்புக்கொள்கிறேன்.

மாமா எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு, தனக்குத் தெரிந்தபடி நெய்தார். பாவு, அதாவது நீளவாக்கில் ஓடும் நூல், வெள்ளையாக இருக்க வேண்டும் என்று இவர் சொல்லியிருந்தார். முகூர்த்தத்துக்கு வெள்ளைப் பாவா என்று மாமா அரக்குப் பாவு பூட்டிவிட்டார். அரக்கின் மேல் நீல ஊடையை, அதாவது குறுக்கு நூலை, ஓட்டினால் வருவது கத்திரிப்பூ நிறம். ஆக, விழுகிறவன் கையிலிருந்த விளக்கு விழுவதற்கு முன்னாலேயே சிவந்துவிட்டது. நீலம் நெடுந்தூரம், மற்றவை குறுகலாக என்றதையும் மாமா ஏற்கவில்லை. பட்டைகள் ஒரே அகலமாக இருந்தால்தான் பார்க்க லட்சணம் என்று எல்லாவற்றையும் சமமாக்கிவிட்டார். விழும் ஆளுக்கு ஒரு உருவம் வேண்டும் என்று இவர் கேட்டதற்கு, உருவம் நெய்வதற்கான அட்டைகளில் கைவசம் அன்னப்பட்சி அட்டைதான் இருந்தது. ஆகவே பிரபஞ்சத்தின் பயங்கரமான பள்ளத்தை நோக்கி ஜரிகை அன்னங்கள் ஜோடி ஜோடியாக நடந்துபோயின.

கறுப்பு முனையை மட்டும் இவர் சொன்னபடியே மாமா நெய்துகொடுத்தார். உங்கள் அக்காவிடம் சொல்லாதீர்கள் என்று இவர் மாமாவிடம் கெஞ்சியிருந்தார். அக்கா என்றால் என் மாமியார் மங்கையர்க்கரசி. கல்யாணப் புடவையில் கறுப்பு நூல் ஒன்று இருந்தாலும் மண்டபத்தின் வாசலைத் தாண்ட விடமாட்டார். அதனால் கறுப்பை உள்ளே வைத்து மடித்து, அன்னங்கள் மேலே தெரியும்படி தட்டில் வைத்து எங்கள் வீட்டுக்கு அனுப்பினார்கள். எனக்கும் சொல்லவில்லை. நான் ஆச்சரியப்பட வேண்டுமாம்.

பட்டுப் புடவையின் உள்முனையில் ஒரு துண்டு வேறு நிறத்தில் இருந்தால் அது ரவிக்கைத் துண்டு. இது காஞ்சிபுரத்தில் குழந்தைக்கும் தெரியும். இவர் ஒருவருக்குத்தான் தெரியவில்லை. எங்கள் தெரு டெய்லர் அம்சா புடவையைப் பிரித்தாள், முனையில் கறுப்பைப் பார்த்தாள், ஊர் வழக்கப்படி வெட்டினாள். அளவு ரவிக்கையை வைத்து, ஜரிகைக் கரை கையில் வரும்படி, முதுகில் நல்ல இறக்கம் வைத்து, அழகாகத் தைத்துக் கொண்டுவந்தாள். ஒளியே தப்ப முடியாத இடம் என்று இவர் வருஷக்கணக்காகப் பாடம் எடுத்தது ஒரு ஹேங்கரில் தொங்கிக்கொண்டு, கொக்கியோடு, எங்கள் வீட்டுக் கூடத்துக்கு வந்து சேர்ந்தது.

கல்யாணம் நெருங்கிவிட்டிருந்தது. என் பெரியம்மா பொன்னி அதைக் கையில் எடுத்தார்.

"மொகூர்த்தத்துக்குக் கறுப்புக் குடுத்தனுப்பிக்கிறான். பொண்ணு வோணாம்னா வாயத் தொறந்து சொல்ல வேண்டியதுதான?"

"நான் என்னாம்மா பண்ணுவேன்?" என்றாள் அம்சா. "கடைசில வேற கலரு இருந்தா அதான் ஜாக்கெட் பிட்டு. எல்லாருக்கும் அப்டிதான் வெட்டிக்கினு இருக்கேன்."

மாப்பிள்ளை வீட்டுக்குப் போன் போயிற்று. மாமியாரும் இவரும் ஆட்டோவில் வந்து இறங்கினார்கள். மாமியார் ரவிக்கையைப் பார்த்ததும் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். புத்தியுள்ள மாப்பிள்ளையாக இருந்தால், தெரியாமல் நடந்துவிட்டது, வேறு புடவை எடுத்துத் தருகிறேன் என்று சொல்லிவிட்டுக் காபி குடித்திருப்பான். அப்படிச் சொன்னால் எல்லாம் முடிந்துபோயிருக்கும் என்று அங்கே இருந்த எல்லோருக்கும் தெரியும். இவர் விளக்க ஆரம்பித்தார்.

"இப்ப ஒருத்தன் கருந்துளைக்குள்ள விழுறான்னு வெச்சிக்குங்க."

"நல்ல காரியம் பேசற எடத்துல யாருப்பா விழுறது?" என்றார் பெரியம்மா.

"அவன் கையில ஒரு நீல டார்ச் இருக்குது. வெளிய நிக்கிற நமக்கு அது பச்சையாத் தெரியும், அப்புறம் மஞ்சளா, அப்புறம் சிவப்பா. அப்புறம் தெரியாது."

"பேட்டரி தீந்துடுச்சா?"

"இல்லீங்க. நம்ம கண்ணோட குறை அது. சிவப்புக்கு மேல நம்மளால பாக்க முடியாது."

பெரியம்மா போன மாதம்தான் கண்ணில் அறுவை சிகிச்சை செய்துகொண்டிருந்தார். குறை என்ற சொல் அவருக்கு நல்லதாகப் படவில்லை. இருந்தாலும் சம்பந்தி வீடாயிற்றே என்று அடக்கிக்கொண்டு, விழுந்தவன் திரும்ப வருவானா என்று மட்டும் கேட்டார்.

"வரவே மாட்டான்" என்றார் இவர், சந்தோஷமாக. யாரோ ஒருவர் முதல்முறையாகச் சரியான கேள்வி கேட்டுவிட்ட சந்தோஷம். அதோடு நிறுத்தவில்லை. வெளியே நிற்கும் நமக்கு அவன் உள்ளே போவதும் தெரியாது, எல்லையை நெருங்க நெருங்க மெதுவாகிக்கொண்டே, மங்கிக்கொண்டே இருப்பான், தாண்டியதை யாரும் பார்க்கவே முடியாது என்றார். மாமியார் கண்களை மூடிக்கொண்டார். என் அப்பா மண்டபத்துக்குக் கொடுத்த முன்பணம் திரும்பி வருமா என்று அடுத்த அறையில் யாருக்கோ போன் செய்யப் போனார்.

நான் அதுவரை கதவோரம் நின்றிருந்தேன். எனக்கு ஒரே ஒரு விஷயம் புரியவில்லை.

"விழுறானே, அவனுக்கு அந்த டார்ச் எந்தக் கலரா தெரியும்?"

இவர் என்னைப் பார்த்தார். "நீலம்தான். அவனுக்கு ஒண்ணுமே மாறாது."

அவர் எனக்குச் சொன்ன பதில்களிலேயே மிகச் சிறியது அது. ஒரு புடவைக் கடைக்காரனிடமிருந்தோ ஒரு சாமியாரிடமிருந்தோ வந்திருந்தால், வியாபாரம் அல்லது உபதேசம் என்று நான் உள்ளே போயிருப்பேன். இவர் அதை வெறும் தகவலாகச் சொல்லிவிட்டு, அடுத்த கேள்விக்காகக் காத்திருந்தார். புடவை இருக்கட்டும், ரவிக்கை மட்டும் அரக்கில் வேறு தைத்துக்கொள்கிறேன் என்று பெரியம்மாவிடம் சொன்னேன். பெரியம்மா என்னை ஒரு பார்வை பார்த்தார். பேட்டரி தீர்ந்தது யாருக்கு என்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

ஆக, கருந்துளை இல்லாத செம்பெயர்ச்சியோடு எங்கள் கல்யாணம் நடந்தது. முனை வெட்டுப்பட்டதால் புடவை குட்டையாகி, கொசுவம் குறைந்து, நான் கொஞ்சம் இறுக்கிக் கட்டிய மூட்டை போலத்தான் இருந்தேன். தாலி கட்டும்போது இவருடைய கண் என் இடுப்பில் இருந்தது. பார்த்த உறவினர்கள் தலையைத் திருப்பிக்கொண்டார்கள். இவர் பார்த்தது வெட்டுப்பட்ட முனையை. கோவிலில் மாலையோடு சுற்றி வரும்போது, இது கணக்கில் சேராது, இன்னொன்று சரியாக நெய்து காட்டுகிறேன் என்று காதில் சொன்னார். புதுப்பெண்ணின் காதில் சொல்வதற்கு உலகத்தில் வேறு என்னென்னவோ இருக்கிறது.

அந்த இன்னொன்றுக்கு வருஷங்கள் பிடித்தன. மாமாவின் தறியில் யார் வீட்டு முகூர்த்தமாவது ஏறிக்கொண்டே இருந்தது. இவர் ஒவ்வொரு ஆடிக்கும் போய்க் கேட்பார், மாமா அடுத்த ஆடிக்குப் பார்க்கலாம் என்பார். வீட்டில் எனக்குச் செம்பெயர்ச்சி பாடம் தொடர்ந்தது. குக்கர் விசில் தூரத்தில் எப்படிக் கேட்கும் என்பதிலிருந்து ஆரம்பித்து, எங்கே போனாலும் கருந்துளையில் கொண்டுவந்து முடிப்பார். எனக்கு அது கிட்டத்தட்ட மனப்பாடம். புரிந்ததா என்று கேட்டால் புரிந்தது என்பேன். புரிந்ததும் உண்மைதான். இருந்தாலும் கண்ணால் பார்க்கவில்லையே என்பார்.

இந்த ஆடியில் மாமா இறங்கி வந்தார். கல்யாண ஆர்டர் எதுவும் இல்லை, தறி சும்மா கிடப்பதற்கு உன் பைத்தியக்காரத்தனமாவது ஓடட்டும் என்றாராம். வெள்ளைப் பாவு பூட்டினார். அன்னப்பட்சி அட்டையைக் கழற்றிப் பரண்மேல் போட்டார். சாயம் போடுவதை இவர் யாரிடமும் விடவில்லை. எங்கள் வீட்டு மொட்டை மாடியில் அடுப்பு மூட்டி, பொங்கலுக்கு மட்டும் எடுக்கும் அண்டாவில் கழி கழியாகச் சாயம் ஏற்றினார். ஒவ்வொன்றையும் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடி வெயிலில் பிடித்துப் பார்த்தார். முதுகில் வைக்க ஆளில்லை என்ற தைரியத்தில் ஒரு மஞ்சளை மூன்று தடவை மாற்றினார். அண்டா இப்போது எந்தப் பொங்கலுக்கும் உதவாது.

நான் தறியைப் பார்க்கப் போகக் கூடாது என்றார். முடிந்து இறக்கிய பிறகு முழுசாகத்தான் பார்க்க வேண்டுமாம். கருந்துளையை நெருங்கும் ஒளியைப் படிப்படியாகப் பார்ப்பதுதான் விஷயமே என்று அவரே பாடம் எடுத்துவிட்டு, எனக்கு மட்டும் ஒரே தடவையில் காட்டுவாராம். இந்த முரண்பாட்டை எடுத்துச் சொன்னேன். யோசித்துச் சொல்கிறேன் என்று சென்டருக்குக் கிளம்பினார். அது திங்கட்கிழமை. குவிலென்ஸ் நடத்தப் போனார்.

தீட்டு என்பதால் காரியம் முடியும்வரை மாமா தறியில் உட்காரவில்லை. முடிந்த மறுநாள் ஆள் அனுப்பாமல் தானே வந்தார். வாசலிலேயே நின்றுகொண்டு, வந்து ஒரு தடவை பார்த்துவிடு என்றார்.

போய்ப் பார்த்தேன். வெள்ளைப் பாவில் நீலம் நீலமாகவே இருந்தது. நெய்தது எல்லாம் உருளையில் சுற்றியிருந்ததால் மாமா முழுக்கத் தளர்த்திவிட்டு, முதலில் நெய்த முனையிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பச் சுற்றிக் காட்டினார். நீலம் வந்துகொண்டே இருந்தது. ஒன்றும் மாறப்போவதில்லை என்று நினைக்கும் அளவுக்கு வந்தது. பிறகு நான் நிதானிப்பதற்குள் பச்சை, மஞ்சள், சிவப்பு. சிவப்புக்குள்ளேயே ஐந்தாறு சிவப்பு, ஒவ்வொன்றும் முந்தினதைவிட மங்கல், கடைசியில் இருந்ததை வாசல் வெளிச்சத்துக்குத் திருப்பினால்தான் சிவப்பு என்று சொல்ல முடிந்தது. அதற்கு அப்புறம் வெள்ளைப் பாவு வெறுமனே நீண்டுபோயிற்று. அவர் வாய் ஓயாமல் சொன்னதைவிட அது தெளிவாக இருந்தது. இதை முதலிலேயே காட்டிவிட்டு வாயை மூடிக்கொண்டிருந்தால் எங்கள் வீட்டில் எத்தனையோ சாப்பாடு ஆறாமல் இருந்திருக்கும்.

"ஆவணி ஆர்டர் வந்துக்கினு இருக்குதும்மா" என்றார் மாமா. "நான் ஒன்னும் அவசரப்படுத்தல. முடிச்சிக் குடுக்கட்டுமா, இல்ல இங்கயே அறுத்து எறக்கிடட்டுமா, நீயே சொல்லு."

முடிப்பதற்கு எவ்வளவு பாக்கி என்று கேட்டேன். கறுப்பு ஒன்றுதான், அரை நாள் வேலை என்றார். நூலும் தயாராகத்தான் இருக்கிறதாம். வீட்டில் பெண்கள் யாரும் கறுப்பைத் தொடமாட்டேன் என்றதால், அதை ஊடைக்குத் தார் சுற்றும் வேலையை, அதாவது நாடாவுக்குள் போகும் குச்சியில் நூலைச் சுற்றுவதை, அந்த வார ஞாயிற்றுக்கிழமை வந்து தானே செய்வதாக இவர் சொல்லியிருந்தாராம்.

நான் சிவப்புக்கு அப்பால் நீண்டுபோன வெறும் பாவைத் தொட்டுப் பார்த்தேன். மாமா என்னை நிமிர்ந்து பார்க்காமல், ஆவணி ஆர்டருக்குப் பக்கத்துத் தறி போதும், இது இப்படியே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு, தறியின் மேல் ஒரு வேட்டியைப் போர்த்தினார்.

கறுப்புக் கழி சாயம் காய்ந்து தறிக்கு மேலே ஆணியில் தொங்குகிறது. தார் இன்னும் சுற்றவில்லை.